வாயில் அடிபட்டால்: ரத்தத்தைப் பார்த்துக் காயத்தை அளக்காதீர்கள்

நாக்கைக் கடித்துக்கொண்ட குழந்தையின் சட்டை முழுக்க ரத்தமாக இருக்கும். வாயைக் கழுவிப் பார்த்தால் காயம் ஓர் அரிசி நீளம்கூட இருக்காது. இன்னொரு குழந்தை குச்சி ஐஸைச் சப்பிக்கொண்டே ஓடி விழுந்து, குச்சி அண்ணத்தின் (வாயின் மேற்கூரையின்) பின்பக்கம் குத்தியிருந்தால் இரண்டு சொட்டு ரத்தம்தான் வரும். அரை மணி நேரத்தில் அழுகையும் நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது இரண்டாவது குழந்தையை.

வாய்க் காயங்களை முதன்முதலாகக் கையாளுகிறவர்கள், பெற்றோராக இருந்தாலும் பள்ளி ஆசிரியராக இருந்தாலும் விளையாட்டுப் பயிற்சியாளராக இருந்தாலும், தடுமாறுவது இந்த இடத்தில்தான். நாக்கு முழுக்கத் தசை. இரண்டு பக்கமும் தனித்தனித் தமனி ஓடுகிறது. அதனால் சிறு கீறலும் பொங்கி வழியும். போதாக்குறைக்கு எச்சில் ரத்தத்தோடு கலந்து, ஒரு ஸ்பூன் ரத்தத்தை அரை டம்ளர் போலக் காட்டும். ஆனால் அதே ரத்த ஓட்டத்தால்தான் வாய்ப்புண் தோல்புண்ணைவிட வேகமாக ஆறுகிறது, சீழ் பிடிப்பதும் குறைவு. ஆக, பார்க்க வேண்டியவை காயம் எந்த இடத்தில், எப்படி ஏற்பட்டது, மூச்சும் நினைவும் எப்படி இருக்கின்றன என்பவை.

முதல் 20 நிமிடம்

1. உட்கார வையுங்கள், தலையை முன்பக்கம் குனியச் சொல்லுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டி வாந்தியாக வரும். வாந்தி எடுக்கும்போது கட்டிய ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். ரத்தத்தைத் துப்பச் சொல்லுங்கள். துப்பத் தெரியாத கைக்குழந்தையை மடியில் ஒருக்களித்து, முகம் சற்றுக் கீழே பார்க்குமாறு பிடித்துக்கொள்ளுங்கள்.

2. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாயில் கிடப்பதை எடுங்கள்: சோறு, மிட்டாய், உடைந்த பல் துண்டு, பெரியவர்களானால் பல்செட். குளிர்ந்த தண்ணீரால் ஒரே ஒருமுறை கொப்பளித்துத் துப்பலாம். திரும்பத் திரும்பக் கொப்பளித்தால் ரத்தம் கட்டவே கட்டாது.

3. காஸ் துணியை நாலாக மடித்து, லேசாக நனைத்து, காயத்தின்மேல் வைத்து அழுத்துங்கள். காஸ் இல்லாவிட்டால் துவைத்த வேட்டித் துணியோ கைக்குட்டையோ போதும். பஞ்சு வேண்டாம், இழை புண்ணில் ஒட்டிக்கொள்ளும். நாக்கு வழுக்கும் என்பதால் மேலே மட்டும் அழுத்தினால் நழுவிவிடும். துணியோடு சேர்த்துக் கட்டைவிரல் மேலும் ஆள்காட்டி விரல் கீழுமாக இரு பக்கத்திலிருந்தும் கவ்விப் பிடிக்க வேண்டும். உதடானாலும் கன்னமானாலும் இதே முறைதான்: ஒரு விரல் உள்ளே, ஒரு விரல் வெளியே.

4. கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. எல்லோரும் செய்யும் தவறு இதுதான். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்த்தால், அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு வந்துவிடும்; கணக்கு மறுபடி முதலிலிருந்து. நிற்காவிட்டால் இன்னொரு 10 நிமிடம். அதன் பிறகும் ஒழுகினால் அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

5. ரத்தம் அடங்கியதும் துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைக் கன்னத்திலோ உதட்டிலோ ஒற்றி எடுக்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு உட்கார வைத்துக் குச்சி ஐஸ் கொடுக்கலாம். வலியும் வீக்கமும் குறையும், அழுகையும் நிற்கும்.

காபித்தூள், சர்க்கரை, மஞ்சள்தூள் எதையும் வைக்க வேண்டாம். காபித்தூள் வைத்ததும் ரத்தம் நின்றதாகத் தோன்றுவதற்குக் காரணம், தூளை வைத்த விரல் அங்கே அழுத்திக்கொண்டிருப்பதுதான். அழுகிற குழந்தை மூச்சை இழுக்கும்போது தூள் மூச்சுக்குழலுக்குள் போகும். டாக்டர் பார்க்கும்போது காயத்தின் அடி தெரியாது. கழுவி எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் நிற்க அதிக நேரமாகும். அவர்கள் காத்திருக்காமல் டாக்டரிடம் போவது நல்லது. மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

தையல் தேவையா?

நாக்குக் காயங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தையல் வேண்டியதில்லை. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக, நாக்கை வாய்க்குள் சும்மா வைத்திருக்கும்போது ஓரங்கள் சேர்ந்தே இருந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துப் பயப்படாதீர்கள். நீட்டினால் எந்தக் காயமும் வாய் பிளந்துதான் தெரியும்.

தையல் போட வேண்டியவை: நாக்கின் விளிம்பையோ நுனியையோ வெட்டிக்கொண்டு போனது, சதை மடலாகத் தொங்குவது, மேலிருந்து கீழ்வரை துளைத்தது, சும்மா வைத்திருக்கும்போதும் பிளந்து நிற்பது. நுனி பிளந்த காயத்தை அப்படியே விட்டால் இரு பக்கமும் தனித்தனியாக ஆறி, பாம்பு நாக்குப் போலப் பிளவு நின்றுவிடலாம். போடுவது பெரும்பாலும் தானே கரையும் நூல்தான். நாக்கு அசைந்துகொண்டே இருப்பதால் முடிச்சு ஓரிரு நாளில் அவிழ்ந்துவிடுவதும் உண்டு. ரத்தம் வராமலும் காயம் பிளக்காமலும் இருந்தால் பதற்றம் வேண்டாம்.

உதட்டில் கவனிக்க வேண்டியது ஒரு கோடு: சிவந்த உதடும் தோலும் சேரும் விளிம்பு. காயம் அந்தக் கோட்டைத் தாண்டினால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தையல் போடத் தெரிந்தவரிடம் போங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகி ஒட்டினாலும் முகத்தில் ஆயுசுக்கும் தெரியும். பல் உதட்டைத் துளைத்து வெளியே வந்திருந்தாலும் போக வேண்டும். பல் உடைந்து துண்டு கிடைக்காவிட்டால் அது உதட்டுக்குள் புதைந்திருக்கலாம், மூச்சுக்குழலுக்குப் போயிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நடை பழகும் குழந்தை விழும்போது அடிக்கடி கிழிவது, மேலுதட்டை ஈறோடு சேர்க்கும் மெல்லிய சவ்வு. இதற்குத் தையல் அநேகமாகத் தேவைப்படாது. வெளியிலிருந்து மேலுதட்டை ஈறோடு சேர்த்து அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அதன் பிறகு வருகிற உறவினர் ஒவ்வொருவரும் உதட்டைத் தூக்கிப் பார்க்க ஆசைப்படுவார்கள். தூக்கினால் மறுபடி ரத்தம். இரண்டு மூன்று நாளைக்கு யாரையும் தொட விடாதீர்கள். ஆனால் இன்னும் தவழவே தொடங்காத குழந்தைக்கு இந்தச் சவ்வு கிழிந்திருந்தால், எப்படிக் கிழிந்தது என்று கேட்டாக வேண்டும்; யாராவது புட்டியையோ ஸ்பூனையோ வாயில் முரட்டுத்தனமாகத் திணித்திருக்கலாம், அடித்திருக்கலாம். டாக்டர் இதைப் பற்றித் துருவிக் கேட்டால் கோபப்படாதீர்கள், அது அவர் கடமை.

ரத்தம் குறைவு, ஆபத்து அதிகம்

அண்ணத்தில் குத்து. பென்சில், பல் தேய்க்கும் பிரஷ், ஐஸ் குச்சி, ஸ்ட்ரா, புல்லாங்குழல் என்று எதை வாயில் வைத்துக்கொண்டு விழுந்தாலும் நடக்கலாம். உள்நாக்குக்குப் பக்கவாட்டில், டான்சில் இருக்கும் இடத்துக்குப் பின்னால், மூளைக்குப் போகும் பெரிய தமனி ஓடுகிறது. குத்திய பொருள் அதைத் துளைக்காமல் நசுக்கினாலே உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, ஒன்றிரண்டு நாள் கழித்து மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடலாம். அரிதுதான், ஆனால் நேர்ந்தால் பக்கவாதம். அதனால் அண்ணத்தின் பின்பாதியிலோ பக்கவாட்டிலோ குத்தியிருந்தால் அன்றே காட்டுங்கள். வீட்டுக்கு அனுப்பினாலும் 72 மணி நேரம் கண்காணியுங்கள்: தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கம், கை காலில் பலவீனம், கோணிய வாய், குழறும் பேச்சு, கழுத்து வீக்கம், காய்ச்சல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே திரும்பிப் போங்கள். குத்திய பொருள் இன்னும் செருகியே இருந்தால் பிடுங்காதீர்கள். ரத்தக் குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம்.

நாக்குக்கு அடியில் வீக்கம். மோவாயில் அடிபட்ட பிறகு நாக்கின் அடியில் கருநீலமாக ரத்தம் கட்டியிருந்தால் கீழ்த்தாடை எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். மேல் கீழ்ப் பற்கள் முன்போலப் பொருந்தாமல் இருப்பதும் கீழுதடு மரத்துப்போவதும் அதன் கூடவே வரும் அடையாளங்கள். அந்த வீக்கம் வளர்ந்து நாக்கை மேலே தள்ளினால் மூச்சு அடைபடும். எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகுவது, குரல் அடைத்து ஒலிப்பது, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கத் துடிப்பது ஆகியவை எச்சரிக்கை மணி. உடனே 108. சாலை விபத்தானால் தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் கட்டணமில்லாமல் கிடைக்கும். பணத்தைப் பற்றி யோசித்துத் தாமதிக்க வேண்டியதில்லை.

ஒயரைக் கடித்த குழந்தை. செருகியிருக்கும் ஒயரைத் தவழும் குழந்தை கடித்தால் வாயின் ஓரம் வெந்து, வெளுத்த புண்ணாக நிற்கும். அப்போது ரத்தம் ஏறக்குறைய வராது. ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அந்தப் பொருக்கு உதிரும்போது உதட்டுத் தமனி திறந்துகொண்டு பீறிட்டு அடிக்கலாம், அதுவும் தூக்கத்தில். முதல் நாளே ஆஸ்பத்திரியில் காட்டுவதோடு, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் உதட்டை இரு விரலால் கவ்வி அழுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பதற்றத்தில் மறந்துபோவது அதுதான்.

சுண்ணாம்பு. வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பு, அமிலத்துக்கு எதிர் வகையான காரம் (அல்கலி). சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஈரத் துணியால் வழித்து எடுத்துவிட்டு, தண்ணீரால் கொப்பளிக்க வைத்துக்கொண்டே இருங்கள். எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றி ‘முறிக்க’ முயல வேண்டாம். ஆசிட்டோ கழிவறை கழுவும் திரவமோ விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒருமுறை வெந்த தொண்டை, வாந்தியால் இன்னொருமுறை வேகும்.

சூடான காபி, கொதிக்கும் பால் சுட்டால் கணக்கு எளிது. குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்து துப்பி, பத்து நிமிடம் இப்படியே செய்யுங்கள். நெய்யும் பற்பசையும் தேவையில்லை. கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

பல் தெறித்து விழுந்தால்

இங்கே நிமிடங்கள் எண்ணப்படுகின்றன. வேரின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வின் உயிரணுக்கள்தான் பல்லை மறுபடி எலும்போடு பிணைக்கின்றன. காய்ந்தால் அவை ஒரு மணி நேரத்துக்குள் செத்துவிடும். பல்லைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில் போட்டு மறுநாள் கொண்டுபோவதில் பெரிய பயன் இல்லை.

முதலில் பால்பல்லா, நிலைப்பல்லா என்று பாருங்கள். முன்பற்கள் ஆறு ஏழு வயதில் மாறத் தொடங்கும். பால்பல்லைத் திரும்பச் செருகக் கூடாது, உள்ளே வளரும் நிலைப்பல்லைக் கெடுத்துவிடும். நிலைப்பல்லானால் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தொடவோ தேய்க்கவோ சோப்புப் போடவோ கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ மருந்துக்கடை சலைனிலோ மெல்ல அலசுங்கள். இரண்டும் கைக்கு எட்டாவிட்டால் குழாய்த் தண்ணீரில் 10 நொடிக்குள் முடியுங்கள்.

அடிபட்டவர் நல்ல நினைவோடு இருந்தால் பல்லை அதன் குழியிலேயே, சரியான பக்கம் முன்னால் வருமாறு மெல்லப் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். செருகத் தைரியம் வரவில்லையா? குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பாக்கெட் பால் போதும், தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். சூடான பால், தயிர், மோர் ஆகாது. வெறும் தண்ணீரில் ஊற வைத்தால் உயிரணுக்கள் வீங்கி வெடிக்கும். 30 நிமிடத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்ந்தால் நல்ல வாய்ப்பு. அவர் பக்கத்துப் பற்களோடு கம்பி வைத்து ஏறக்குறைய இரண்டு வாரம் கட்டி வைப்பார்.

ஆறும் நாட்கள்

இரண்டாம் நாள் புண்ணின்மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும். பார்ப்பவர்கள் ‘சீழ் வச்சிடுச்சு’ என்பார்கள். அது சீழ் இல்லை; தோலில் பொருக்குக் கட்டுவது போல ஈரமான வாய்க்குள் கட்டும் படலம். சுரண்டினால் புண் மறுபடி முதல் நாளுக்குப் போகும். சின்னக் காயங்கள் மூன்று நான்கு நாளில் தேறும். பெரியவை ஒன்றிலிருந்து இரண்டு வாரம் எடுக்கும்.

ரத்தம் நின்ற பிறகு முதல் நாள் கொப்பளிக்க வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புக் கலந்து, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் மெதுவாக அலசித் துப்பச் சொல்லுங்கள். உப்பை அதிகம் போட்டால் எரிச்சல்தான் மிச்சம். பல் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம், புண்ணைத் தவிர்த்துத் தேய்த்தால் போதும். ஆறிய கஞ்சி, தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி, குழைந்த பருப்புச் சாதம் ஆகியவை சரி. ஊறுகாய், புளிக்குழம்பு, முறுக்கு, மிக்சர், சிப்ஸ் வேண்டாம். ஸ்ட்ராவில் உறிஞ்சுவதை ஓரிரு நாள் தள்ளிப்போடுங்கள், உறிஞ்சும் இழுப்பில் ரத்தக்கட்டு பிய்ந்துவரும்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைக்கு எடைக் கணக்குத்தான், வயதுக் கணக்கு இல்லை: கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது. சிரப் வாங்கும்போது 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பாட்டிலில் பாருங்கள், 125-ம் உண்டு, 250-ம் உண்டு. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. புண்ணில் தடவும் மரத்துப்போகும் ஜெல்லைக் கடையில் கேட்டு வாங்கிக் கைக்குழந்தைக்குத் தடவாதீர்கள். சில வகைகள் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும். ஆன்டிபயாடிக்கும் சாதாரண நாக்குக் கடிக்குத் தேவையில்லை. மண்ணில் விழுந்த காயமானால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டிவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

நாற்றம், நாளுக்கு நாள் கூடும் வலி, காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை வந்தால் மறுபடி காட்ட வேண்டும்.

வராமல் தடுப்பது

பல் மருத்துவர் ஊசி போட்ட அன்று வீட்டில் நடக்கும் விபத்து ஒன்று உண்டு. கீழ்த்தாடையில் போட்ட ஊசியின் மரமரப்பு சில மணி நேரம் நிற்கும். குழந்தைக்கு உதடு ‘பெரிசா’ இருப்பது போலத் தோன்றும். வேடிக்கையாகக் கடித்துக்கொண்டே இருக்கும், வலி தெரியாது. மாலையில் உதடு வீங்கி, மறுநாள் வெளுத்துத் தோலுரிந்து நிற்கும். ஊசியால் சீழ் பிடித்துவிட்டது என்று டாக்டரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் அது கடித்த புண். மரமரப்பு போகும்வரை சாப்பிட எதுவும் கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருப்பதே மருந்து. பெரியவர்களும் அதுவரை சூடான காபியைத் தொடக் கூடாது.

வலிப்பு வருகிறவருடைய வாயில் ஸ்பூன், துணி, விரல் எதையும் வைக்காதீர்கள். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. அவர் நாக்கின் ஓரத்தைக் கடித்திருந்தால் அது ஆறிவிடும். ஸ்பூனால் உடைந்த பல் ஆறாது, உடைந்த துண்டு மூச்சுக்குழலுக்கும் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரம் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. கையில் இரும்புச் சாவி கொடுக்கும் பழக்கத்தால் பயன் இல்லை.

விளையாட்டில் மவுத்கார்டு, அதாவது பல்வரிசையை மூடிக் காக்கும் கவசம். கபடியில் முழங்கால் மோவாயில் படும், ஹாக்கியில் மட்டை, பாக்சிங்கில் சொல்லவே வேண்டாம். கடைகளில் கிடைப்பது வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் வகை. உறையில் சொன்ன நொடிக் கணக்குக்கு மேல் வெந்நீரில் விடாதீர்கள், உருகிச் சுருண்டுவிடும். எடுத்துக் கணநேரம் ஆறவிட்டு, மேல்வரிசைப் பல்லில் வைத்துக் கடித்து, உள்ளே காற்றை உறிஞ்சி, வெளியிலிருந்து உதட்டின்மேல் விரலால் அழுத்தி, பிறகு குளிர்ந்த நீரில் போடுங்கள். வாயைத் திறக்கும்போது கீழே விழுந்தால் பொருத்தம் சரியில்லை, மறுபடி செய்யுங்கள். பல் விழுந்து முளைக்கும் வயதில் சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் பொருத்த வேண்டும். பல்லில் கம்பி போட்டிருப்பவர்கள் பல் மருத்துவரிடமே செய்துகொள்ளட்டும்.

பைக் ஓட்டுபவர்களுக்கு ஒன்று: தலையை மட்டும் மூடும் ஹெல்மெட் மோவாயைக் காக்காது. முகம் மூடும் வகையை வாங்கி, வாரை மாட்டுங்கள். வீட்டில், பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது என்ற ஒரே விதியைக் கண்டிப்பாக நடத்தினால் அண்ணக் குத்தில் கணிசமானதைத் தவிர்க்கலாம்.

கடைசியாக, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படும் அடி. உடைந்த கடைவாய்ப்பல்லின் கூர், வெளிப்பக்கம் சாய்ந்து முளைத்த ஞானப்பல், தளர்ந்துபோன பல்செட்டின் விளிம்பு ஆகியவை நாக்கின் ஓரத்தையோ கன்னத்தையோ ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் பழகிப்போய் அதை யாரும் காயமாகவே எண்ணுவதில்லை. பல் மருத்துவர் அந்தக் கூரைத் தேய்த்து மழுக்க ஐந்து நிமிடம் ஆகும். தேய்த்த பிறகு இரண்டு வாரத்தில் புண் ஆற வேண்டும். ஆறாவிட்டால், வலி இல்லாவிட்டாலும், ஓரம் தடித்துக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் இன்னும் அவசரமாக, புண்ணிலிருந்து சிறு சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். புகையிலை, பாக்கு, குட்கா போடுகிறவர்கள் அந்த இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, ரத்தமும் வருவதில்லை.